இரத்தினக் கம்பளத்தின் பின்பக்கம்

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். சென்ற ஆண்டு எங்கள் வரலாற்றுத் துறை மாணவர்களோடு சுற்றுலா சென்ற நானோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு முழ நீளத்தில், உட்காரும் பலகையளவு சிறிய இரத்தினக் கம்பளம் ஒன்று. அதை வாங்கிய கதையைத்தான் எழுத நினைக்கிறேன்.

காசியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் பதோஹி என்ற ஊர் இருக்கிறது. ஊரும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் கம்பள நெசவையே நம்பி வாழ்கின்றன. வண்டியிலிருந்து இறங்கியதும் மாணவர் ஒருவர், "சார், நம்ம பவானி ஜமக்காளம் மாதிரிதானே?" என்றார். இல்லை. ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே உண்டு, முடிச்சு கிடையாது. இரத்தினக் கம்பளத்தின் உயிரே முடிச்சில்தான் இருக்கிறது.

தறி செங்குத்தாக நிற்கிறது. மேலும் கீழுமாக இரண்டு உருளைகள். அவற்றுக்கிடையே விறைப்பாக இழுத்துக் கட்டிய பருத்திப் பாவு. நெசவாளர் எதிரே பலகையில் அமர்ந்து, இரண்டு பாவிழைகளை விரலால் பிரித்து, கம்பளி நூலை ஒன்றின்மேல் முழுதாகச் சுற்றி, மற்றதன் பின்னால் நுழைத்து முன்னே இழுத்துக் கத்தியால் அறுக்கிறார். ஒரு முடிச்சு முடிந்தது. இவ்வாறு ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலை ஓட்டி, இரும்புச் சீப்பால் ஓங்கி அடித்து இறுக்குகிறார். பிறகு அடுத்த வரிசை. இதற்குப் பாரசீக முடிச்சு என்று பெயர். நூல் இரண்டு இழைகளையும் சுற்றி நடுவிலே வெளிவந்தால் அது துருக்கி முடிச்சு. பாரசீக முடிச்சுக்கு ஈரானிலுள்ள சென்னே நகரத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் போடுவதோ துருக்கி முடிச்சு! பெயர் வைப்பவர்கள் தறிப்பக்கம் போவதில்லை போலும்.

மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பதடிக்கு ஆறடிக் கம்பளம். சதுர அங்குலத்திற்கு 100 முடிச்சு என்றால் மொத்தம் 7,77,600 முடிச்சுகள். நாளைக்கு 8,000 முடிச்சு போடுபவர் தனியாக அமர்ந்தால் 97 நாட்களுக்கு மேல் ஆகும். 100 என்பதும் நடுத்தரம்தான்.

இந்தக் கலையின் தொன்மையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1949ஆம் ஆண்டு சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பசிரிக் என்னுமிடத்துக் கல்லறையொன்றில் ருடென்கோ என்ற ரஷ்ய அறிஞர் ஒரு கம்பளத்தைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் பழமையானது. திருடர்கள் தோண்டிய துளைவழியே நீர் புகுந்து பனிக்கட்டியாக உறைந்ததால் கம்பளம் அழியாமல் இருந்ததாம். திருடனும் வரலாற்றுக்கு உதவுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதன் ஓரத்திலே குதிரை வீரர்களும் மான்களும் அணிவகுக்கிறார்கள். முதல் முயற்சியில் எவருக்கும் அத்தகைய வேலை கைவராது. ஆகவே கலை அதனினும் மூத்தது.

இலண்டன் அருங்காட்சியகத்திலுள்ள அர்தபில் கம்பளம் பத்தரை மீட்டர் நீளம். சதுர அங்குலத்திற்குச் சுமார் 340 முடிச்சுகள். அதில் மக்சூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 (கி.பி. 1539–40) என்ற ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. மக்சூத் மேற்பார்வையாளராகவே இருந்திருக்க வேண்டும். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகளைப் போட்ட விரல்களுக்குப் பெயரில்லை. நம் நாட்டிலும் அப்படித்தான். ஆக்ராவிலும் லாகூரிலும் அக்பர் கம்பளத் தொழிலை வளர்த்ததை அபுல் பசல் எழுதிவைத்தார். நெய்தவன் பெயரை எழுதவில்லை. பிற்காலத்தில் ஆக்ரா சிறைக் கைதிகள் விக்டோரியா அரசிக்காக நெய்த மாபெரும் கம்பளம் வின்ட்ஸர் கோட்டையை அலங்கரித்தது. கைதிகளின் பெயரை யார் கேட்டார்கள்?

நிற்க. பதோஹியில் நாங்கள் பார்த்த தறியில் ஐம்பதைக் கடந்த ஒருவரும் இரண்டு பெண்களும் அமர்ந்திருந்தார்கள். சிறுவர் எவரும் இல்லை. ஒரு காலத்தில் நிலைமை வேறு. சிறு விரல்களால்தான் நுண்ணிய முடிச்சுப் போட முடியும் என்று சொல்லியே சிறுவர்களைத் தறியில் உட்கார வைத்தார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் கம்பள நெசவில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்றது. 1994இல் கைலாஷ் சத்யார்த்தி முதலியோரின் முயற்சியால், சிறுவர் உழைப்பின்றி நெய்த கம்பளங்களுக்கு முத்திரையிடும் முறை வந்தது. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் ஆய்வொன்று, பெரியவர்களின் விரல்கள் நுண்ணிய முடிச்சுக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல என்று 1990களில் காட்டியது.

அந்த ஆய்வு எனக்குத் தேவையில்லை. நானே அந்தப் பொய்யில் வளர்ந்தவன். காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் ஊரில் பட்டுத்தறி. கோர்வைச் சேலைக்கு நெசவாளர் ஒருவர் போதாது. மறுபக்கக் கரையின் நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் குழந்தைதான். அப்பா வாங்கியிருந்த முன்பணத்துக்காக எட்டு வயதில் நான் ஒரு முதலாளியின் தறியில் அமர்ந்தேன். "சின்னக் கைதான் சுறுசுறுப்பா ஓடும்" என்பார் அவர். ஓராண்டுக்குப் பிறகு, பையன் படிக்கட்டும் என்று வீட்டில் முடிவானது. கடன் மட்டும் அப்படியே இருந்தது. ஐந்தாம் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அக்காவை நிறுத்தி, என் இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் பள்ளிக்குப் போனேன். இன்று கரும்பலகை முன் நின்று பசிரிக் பற்றிப் பேசுகிறேன்.

அதனால்தான் கம்பளம் வாங்கினேன். ஊருக்குப் போய் அக்காவிடம் கொடுத்தேன். முன்பக்கத்துப் பூவேலையை அவர் பார்க்கவே இல்லை. வாங்கியதும் திருப்பிப்போட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பின்பக்கத்தை நகத்தால் வருடினார். முடிச்சை எண்ண வேண்டுமானால் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புத்தகம் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள்?

"இந்த வரிசையில அடி இறுகல தம்பி. கை வலிச்சிருக்கும்" என்றார். பிறகு, "எவ்ளோ குடுத்தே?"

சொன்னேன்.

"இதுல நெஞ்சவங்களுக்கு எவ்ளோ போச்சாம்?"

முடிச்சுக் கணக்கைக் கேட்டிருந்தேன். சாயம், கழுவும் முறை எல்லாவற்றையும் கேட்டுக் குறிப்பெடுத்திருந்தேன். இதை மட்டும் கேட்கவில்லை.

"கேக்கலக்கா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளத்தைச் சுருட்டாமல் மடிமீதே வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.