அச்சில் விழுந்த வடு

எங்கள் ஊர் பீடோரில் கடல் இல்லை. நெடுஞ்சாலையும் கொய்யாப்பழக் கடைகளும்தான் ஊரின் அடையாளம். இந்த ஊரிலிருந்து படகு கட்டப் போனவர் என் அப்பா என்றால் நண்பர்கள் நம்ப மாட்டார்கள்.

அப்பா பிறந்தது தோட்டத்து லயத்தில். பதினைந்து வயதில் பாட்டியோடு பால்மரம் வெட்ட உளி பிடித்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது லயமும் போனது. வேலை தேடிப் போனவருக்கு லுமுட் பக்கம் ஒரு சிறிய படகுப் பட்டறையில் இடம் கிடைத்தது.

எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டுச் சும்மா இருந்த என்னையும் அங்கே அழைத்துப் போனார். ஒரு பாய்மரப் படகுக்கு மோல்டு தயாராகிக்கொண்டிருந்தது. 1990 முதல் நடந்துவரும் ராஜா மூடா சிலாங்கூர் போட்டியில், போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் பாய் விரித்துச் செல்கின்றனவே, அந்த வகைப் படகு.

ஃபைபர் படகைப் பலகை சேர்த்துக் கட்டுவதில்லை. முதலில் மரச்சட்டமும் பிளைவுட்டும் கொண்டு படகின் முழு உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் மக்குப் பூசி, மணல்தாளால் 80-ஆம் எண்ணில் தொடங்கி 1000-க்கு மேலும் தேய்க்கிறார்கள். பிறகு மெழுகு, ஜெல்கோட், ரெசினில் நனைத்த கண்ணாடியிழைப் பாய். இறுகியதும் பிரித்தெடுத்தால் அதுதான் மோல்டு. அதற்குள் வார்க்கும் ஒவ்வொரு படகிலும் மோல்டின் குறை அப்படியே பதியும்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். விடியாத இருட்டில் பட்டையின் ஆழத்தை அறிந்த கை அது.

“உளி ஆழமாப் பட்டுச்சுன்னா, மறுபடி பட்டை வளர்றப்போ அங்க முடிச்சு விழுந்துடும். இதுவும் அப்படித்தான்யா” என்பார்.

மெழுகு பூசும் வேலை எனக்கு. ஆறு பூச்சு, ஒவ்வொன்றையும் துடைத்து மினுக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அன்று சனிக்கிழமை. பீடோர் பேருந்து போய்விடுமே என்ற அவசரத்தில், அடிப்பகுதி ஓரத்தில் இரண்டு பூச்சோடு நிறுத்திவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மோல்டைப் பிரித்த நாளில் தெரிந்தது. சரியாக அந்த இடம் ஒட்டிக்கொண்டது. ஆப்பு அடித்து இழுத்தபோது உள்ளங்கை அளவு ஜெல்கோட் பிய்ந்து வந்தது.

“யார் மெழுகு பூசினது?” என்றார் தவுக்கே.

நான் வாயைத் திறக்குமுன், “நான்தான் தவுக்கே” என்றார் அப்பா.

மூன்று நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. அந்த மூன்று இரவும் விளக்கைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் அந்த வடுவை நிரப்பித் தேய்த்தோம். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து விடைபெற்ற அன்று, தவுக்கேயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அன்றைக்கே தெரியும். உன் அப்பா மெழுகு பூசினால் ஒட்டாது.”

பிடித்த பணத்தை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் தவணைக் கல்விக் கடன் கையில் வந்ததும், அந்த மூன்று நாள் சம்பளத்தை அப்பாவிடம் நீட்டினேன்.

“பஸ்ஸுக்கு வச்சுக்கய்யா. அவசரப்படாம வா” என்றார்.