தூக்கம் தேடிய கதை

மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று ஒரு பட்டம் உண்டு. வெளியூர் நண்பர்கள் வந்தால் அந்தப் பட்டத்தை நிரூபித்துக் காட்டுவதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். நடுநிசியில் அழைத்துக்கொண்டு போய் ஆவி பறக்கும் இட்டிலி வாங்கிக் கொடுப்போம். பொழுது புலருமுன் மாட்டுத்தாவணிக்குக் கூட்டிப் போய் மல்லிகைப் பூ மூட்டைகள் வந்து இறங்குவதைக் காட்டுவோம். ஊர் தூங்காமல் இருப்பது ஊருக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஊரில் குடியிருக்கும் ஒருவன் நாலைந்து நாள் தொடர்ந்து தூங்காமல் இருந்தால் அவனுக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை. யோசனைதான் கொடுக்கிறார்கள்.

எனக்கும் கொடுத்தார்கள். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால், இதுவரை எந்தக் கட்டுரையிலும் சொல்லாத ஒரு விஷயத்தை வாசகர்களிடம் சொல்லிவிட வேண்டும். நான் 11 வருஷமாக மனநோய்க்கு மருந்து சாப்பிட்டு வருகிறவன்.

என் கதைகளில் வரும் மனிதர்களுக்கு நான் எத்தனையோ நோய்களைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறேன். காசம் கொடுத்திருக்கிறேன், நெஞ்சுவலி கொடுத்திருக்கிறேன், ஒரு கதாநாயகிக்குக் கண் பார்வையையே பறித்திருக்கிறேன். எனக்கு வந்த நோயை மட்டும் எந்தப் பாத்திரத்துக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தால் எங்கேயாவது என் முகம் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். சில மாதங்கள் மனம் மலையேறி நிற்கும். சில மாதங்கள் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அதுதான் என் நோய். அதற்கு நான் சாப்பிடுவது லித்தியம் என்ற ஓர் உப்பு. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் இதன் குணத்தைக் கண்டு எழுதினார். பூமியில் கிடைக்கும் ஒரு சாதாரண உப்பு, ஏறியிறங்கும் மனத்தைச் சமநிலத்தில் நிறுத்தி வைக்கிறது என்றால் ஆச்சரியம்தானே? மாத்திரை அட்டையை ஒரு பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டுப் புத்தக அலமாரியில் வைத்திருப்பேன். என் மனைவிக்கும் டாக்டரம்மாளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நிற்க. தூக்கம் போன கதைக்கு வருகிறேன்.

அது சித்திரைத் திருவிழாச் சமயம். கள்ளழகர் அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டு வந்தால், மதுரைக்காரனை வீட்டில் படுக்கச் சொல்ல யாராலும் முடியாது. மூன்றுமாவடியில் எதிர்சேவை பார்த்தேன். விடிய விடிய நின்று, சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதையும் பார்த்தேன். மறுநாள் இரவு தசாவதாரக் காட்சி. இரண்டு இரவு கண் விழித்ததோடு கூட்டத்தில் நசுங்கி இடுப்பும் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தேன்; அவ்வளவுதான்.

யோசனைகள் வரத் தொடங்கின. "மாப்பிள்ளைக்கு ஜாதிக்காயை உரைச்சுப் பாலில் கலந்து குடும்மா" என்றார் என் மாமியார். பக்கத்து வீட்டு அம்மாள் கசகசாப் பால் என்றார். ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தம்முடைய தூக்க மாத்திரை அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "எனக்குக் கேட்குதுய்யா, உமக்குக் கேட்காதா?" என்று சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் அமுக்கராச் சூரணம் என்றார். மற்றொருவர் சொன்ன மருந்து சாயங்காலத்தில் கண்ணாடிக் குப்பியில் கிடைப்பது. இத்தனை பேரும் என்மேல் உள்ள பிரியத்தினால் சொன்னார்கள். நான் ஏற்கெனவே ஒரு மருந்து சாப்பிடுகிறேன் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நான்தான் மறைத்து வைத்திருந்தேனே!

டாக்டரம்மாளிடம் போவதற்கும் மனம் வரவில்லை. 'தூக்கம் வரவில்லை என்றால் மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார். நோய் திரும்பிவிட்டது என்பார்' என்று நினைத்துக்கொண்டேன். தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு என்னை நெடுநாளாகத் தெரியும். இடுப்பு வலி என்றேன், தூக்கமில்லை என்றேன்.

"தூக்க மாத்திரை சீட்டு இல்லாமக் கொடுக்க முடியாதுண்ணே" என்றார். அது சரிதான். 2014 முதல் அந்த வகை மாத்திரைகளை விற்கும்போது, எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் காக்க வேண்டும் என்று விதி. "வலிக்கு ஒண்ணு, அலர்ஜிக்குக் கொடுக்கிற மாத்திரை ஒண்ணு தர்றேன். வலி போனா அசதியிலே தூங்கிருவீங்க." எடுத்து வைத்தவர், உறையில் போடுமுன் நிமிர்ந்து பார்த்து, "வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களாண்ணே?" என்று கேட்டார்.

பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் தெருக்காரர்.

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

அந்த இரண்டு மாத்திரையும் உண்மையிலேயே வேலை செய்தன. நன்றாகத் தூங்கினேன். விட மனமில்லாமல் வாரம் முழுவதும் சாப்பிட்டேன். வெயிலோ அக்கினி நட்சத்திர வெயில். வேர்வை ஆறாக ஓடியது. இத்தனைக்கும், ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று அந்த மாதம்தான் சாப்பாட்டில் உப்பையும் குறைத்திருந்தேன். ஏழாம் நாள் காலையில் காபித் தம்ளர் கையில் நிற்கவில்லை. கையெழுத்துப் போடப் போனால் பேனா கோழி கிளறினாற்போல் ஓடியது. மத்தியானம் வாந்தி. எழுந்து நடந்தால் கால்கள் எனக்குச் சொந்தமில்லை போல் தள்ளாடின. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "ஏங்க, என்னத்தைச் சாப்பிட்டீங்க? மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டாள் என் மனைவி. அவளிடமும் வலி மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். லித்தியம் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் அதுவே நஞ்சு. என் ரத்தத்தில் 1.9 இருந்தது. லித்தியத்தை நிறுத்தி, நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றி, இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். இன்னும் சில நாள் கழித்து வந்திருந்தால் சிறுநீரகத்தையோ மூளையையோ பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மாள் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைக்காரர் கேட்கலையா சார், வேற மாத்திரை சாப்பிடுறீங்களான்னு?"

"கேட்டார்."

"நீங்க?"

"ஒன்றும் இல்லை என்று சொன்னேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து காட்டினார். உடம்பிலிருந்து லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். இபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் அந்த வேலையை மட்டுப்படுத்துகின்றன. வேர்வையில் உப்புப் போனாலும், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாலும் சிறுநீரகம் இருக்கும் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. அதோடு உப்பின் உறவினனான லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடுகிறது. நான் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்திருந்தேன். காபிக்கும் இதில் பங்கு உண்டாம். அது லித்தியத்தை விரைவில் வெளியேற்றும். தினம் ஐந்து தம்ளர் குடித்தவன் தூக்கத்துக்காகத் திடீரென்று காபியை விட்டாலும் லித்தியம் ஏறக்கூடும். விடுவதானால் சொல்லிவிட்டு, மெல்ல விட வேண்டும்.

அப்புறம் நான் என் பையிலிருந்த யோசனைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். நண்பர் கொடுத்த நாலு மாத்திரை? இந்த வகையில் முதலாவது 1960-இலும், வாலியம் 1963-இலும் கடைக்கு வந்தன. சில நாளைக்கு, அளவோடு, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்துகள்தான். தாமாக நீட்டினால் பழகிப்போகும்; பழகிய பின் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. குப்பி மருந்தோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும். அலர்ஜி மாத்திரை? எனக்கு அவ்வளவு தீங்கு செய்யவில்லை. ஆனால் மனச்சோர்வுக்குப் பழைய வகை மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு அதுவும் சேர்ந்தால் வாய் வறண்டு, சிறுநீர் அடைத்து, புத்தியும் தடுமாறும். இப்போது பலரும் சொல்லும் மெலடோனின்? ஃபுளுவாக்சமின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர் உடம்பில் அது பல மடங்கு ஏறிவிடும்.

"சூரணத்தில் என்ன இருக்கிறது? அது வெறும் மூலிகைதானே?" என்று கேட்டேன்.

"மூலிகைன்னா பலம் இல்லைன்னு அர்த்தமா சார்?" என்று சிரித்தார். லித்தியம் தைராய்டு சுரப்பியை மந்தமாக்கக் கூடியது. அமுக்கரா அதைத் தூண்டக் கூடியது. இரண்டும் தெரியாமல் சேர்ந்தால் ரத்தப் பரிசோதனையே குழம்பிப் போகும். சர்ப்பகந்தா வேரின் கதையையும் அவர்தான் சொன்னார். நம் நாட்டில் சித்தம் கலங்கியவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்த வேர் அது. 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். உலகமெங்கும் மனநோய் விடுதிகளில் அது பேரமைதியைக் கொடுத்தது. சிலரைத் தாங்க முடியாத சோர்விலும் தள்ளியது.

என் தூக்கத்துக்கு அவர் செய்த வைத்தியம் மிகச் சாதாரணமானது. ஒரு வாரத்துக்கு மட்டும் சிறிய அளவில் ஒரு தூக்க மாத்திரை. இரவு எப்படிப் போனாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் கூடாது. படுத்து இருபது நிமிஷம் ஆகியும் வராவிட்டால் புரண்டுகொண்டிராமல் எழுந்து கூடத்தில் உட்கார வேண்டும். வந்தால் திரும்பப் படுக்கலாம். அதோடு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். என் மாதிரி நோய்க்காரருக்குத் தூக்கம் குறைவது நோயின் அறிகுறி மட்டுமன்று, நோயைக் கிளப்பிவிடுவதும் அதுவேதான். "தூங்காமலே உற்சாகமா இருந்தா, அன்னைக்கே எனக்குப் போன் பண்ணணும்" என்றார். அவர் கிடைக்காத நேரத்தில் யாரைக் கேட்பது என்றேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணைத் தாளின் அடியில் எழுதினார்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் நான் சாப்பிடும் மருந்து, அளவு, நேரம், கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதச் சொன்னார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மருந்துக் கடைக்குப் போனேன். அன்றும் பக்கத்தில் ஆள் நின்றது. தாளை எடுத்து நீட்டினேன்.

கடைக்காரர் நிதானமாகப் படித்தார். "சுகர் மாத்திரையச் சொல்லுவீங்க, பிரஷர் மாத்திரையச் சொல்லுவீங்க. இதைச் சொல்றதுக்கு என்னண்ணே?" என்றார். அப்புறம் தம்முடைய போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். "இனிமே இடுப்பு வலின்னா பாரசிட்டமால்தான். வேற எதுன்னாலும் டாக்டரம்மாவைக் கேட்டுட்டுத்தான் தருவேன்." பக்கத்தில் நின்றவர் தம் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 11 வருஷமாக நான் பயந்த பயமெல்லாம் இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது!

எங்கள் வீட்டிலிருந்து மீனாட்சி கோவில் நடக்கும் தூரம்தான். ராத்திரி பள்ளியறை பூஜை பார்க்கச் சில நாள் போவதுண்டு. சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்குக் கொண்டு வருவார்கள். வாத்தியமும் தீபாராதனையும் முடிந்து பள்ளியறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே ஊர் விழித்திருக்கும். இட்டிலிக் கடையில் அப்போதுதான் கூட்டம் சேர ஆரம்பிக்கும். சுவாமி அதையெல்லாம் பார்ப்பதில்லை. அவருக்கு நேரமாகிவிட்டது.

எனக்கும் பத்து மணி ஆகிவிட்டது. கண்ணாடிக் கூடு இப்போது அலமாரியில் இல்லை. மாத்திரை அட்டை சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. "எழுதினது போதும், விளக்கை அணைக்கட்டுமா?" என்று கேட்கிறாள் என் மனைவி.

அணைக்கட்டும்.