மானேபன்ஜாங்கில் நான்கு நாள்

வடவங்கத்தில் வாழும் தமிழன்பர்களுள் டார்ஜிலிங் சென்று வராதவர் மிகக் குறைவு. புலிக்குன்றில் கதிரவன் எழுவதைக் கண்டு, சிறு ரயிலில் ஏறி இறங்கி, தேயிலைப் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். கூம் என்னும் ஊரிலிருந்து மேற்கே பிரியும் சாலையில் சென்றவர் நம்முள் மிகச் சிலரே. அச்சாலையில் சுக்கியாபோக்ரியைக் கடந்தால், நேபாள எல்லையை ஒட்டி மானேபன்ஜாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே செல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. கண்டவற்றையும், அங்கே கற்ற ஒரு பாடத்தையும் அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

பயணத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தந்தையார் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு ஆண்டுகள் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். தாயார் காலமான பின்னர் அவரைத் தனியே விட மனம் ஒவ்வாமல், அவ்வாண்டு ஆடி மாதத்தில் வீட்டைக் காலி செய்து, சிலிகுரியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே அழைத்து வந்துவிட்டோம். அவர் குறை ஒன்றும் கூறவில்லை. உண்டார், உறங்கினார், பிற்பகல் முழுதும் வாயிற்படியில் அமர்ந்து, தொலைவில் வண்டிகளைக் கோக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இரவு, “தை பிறந்ததும் ஊருக்குப் போய் ஓர் அறை பார்த்துக்கொள்கிறேனப்பா” என்று மெல்லக் கூறினார். மலைக்காற்றாவது அவர் மனத்தைத் திருப்பாதா என்னும் எண்ணத்துடனேயே, அவரையும் அழைத்துக்கொண்டு நானும் இல்லாளும் என மூவராகப் புறப்பட்டோம்.

கர்சியாங் கடந்ததும் சிறு ரயிலின் இருப்புப்பாதை சாலையோடு கைகோத்து வரலாயிற்று. 1881-இல் டார்ஜிலிங்கை எட்டிய பாதை அது. இரண்டே அடி அகலம். நீலகிரிப் பாதையில் உள்ளதுபோல் நடுவே பல்தண்டவாளம் இங்கே இல்லை. வளைந்தும், முன்னும் பின்னுமாய் ஏறியுமே வண்டி 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம் நிலையத்தை அடைகிறது. தந்தையார் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, தண்டவாளத்தைச் சற்று நேரம் பார்த்து நின்றார். “பல் இல்லாமலே ஏறுகிறானே!” என்றார். பல நாள்களுக்குப் பின் அவராக வியந்து பேசிய பேச்சு அதுதான்.

பன்ஜாங் என்பது நேபாளி மொழியில் கணவாயைக் குறிக்கும். மானேபன்ஜாங்கின் கடைத்தெரு ஒரே தெருதான். அதன் இருமருங்கிலும் பழைய லாண்ட் ரோவர் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பொருட்காட்சியில் வைத்த பொம்மைகளல்ல அவை. அன்றாடம் உழைத்துச் சோறு போடும் வண்டிகள். லாண்ட் ரோவர் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. போர் முடிந்து இரும்புத் தகட்டுக்குப் பஞ்சமான காலம் அது; ஆகவே அதன் மேலுடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். மலைத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் வைத்திருந்த வண்டிகள், அவர்கள் சென்ற பின்னர் இம்மக்கள் கைக்கு வந்தன. மழையிலும் பனியிலும் இத்தனை ஆண்டுகள் நின்றும் மேலுடல் துருவால் அரிபடாமைக்கு அந்த அலுமினியமே காரணம்.

மறுநாள் காலை, 1954-ஆம் ஆண்டு வண்டியொன்றில் சந்தக்பூ மலைக்குப் புறப்பட்டோம். வண்டிக்கு உடையவரே ஓட்டினார். அறுபதை எட்டும் வயது. ஊர் வழக்கப்படி அவரைத் ‘தாஜு’ என்று அழைத்தோம். அண்ணன் என்று பொருள். தந்தையாரை அவர் முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டார். தூரம் 31 கிலோமீட்டர். உச்சி 3,636 மீட்டர். மேற்கு வங்கத்திலேயே அதனினும் உயர்ந்த இடம் இல்லை. சித்ரே, மேக்மா, தும்லிங், கைரிபாஸ், காளிபோக்ரி என்று பாதை ஏறியும் இறங்கியும் செல்கிறது. தும்லிங் நேபாளத்தில் இருக்கிறது. தேநீர் அருந்த ஒரு நாட்டினின்று இன்னொரு நாட்டுக்குச் சென்று மீண்டோம்! சில இடங்களில் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். ஏனைய இடங்களில் கருங்கல் குவியலின்மீதே செல்ல வேண்டும். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என வழங்கும் மரத்தின் இனங்கள் பாதையெங்கும் நிற்கின்றன. அவை வேனில் தொடக்கத்தில் பூக்கும்.

அவ்வண்டியின் கியர் பெட்டி நான்கு கியர்களை உடையது. மூன்றாவதும் நான்காவதும் மட்டுமே எளிதில் விழும். முதல் இரண்டுக்கும் பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு இல்லை. ஆதலால் கீழ்க்கியருக்கு இறக்கும்போது கிளட்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சினைச் சற்று முடுக்கி, பற்கள் இசையும் கணத்தில் தண்டைத் தள்ள வேண்டும். தாஜுவின் கால்கள் அதை மத்தளம்போல் தாளம் தவறாமல் செய்தன. தந்தையார் மலையைப் பார்க்கவில்லை. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சந்தக்பூவில் அன்றிரவு நடுங்கிக் கழித்தோம். விடியலில் கண்ட காட்சிக்கு அந்நடுக்கம் தகும். உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கையும் அங்கிருந்தே காணலாம். கஞ்சன்ஜங்காத் தொடர், மல்லாந்து துயிலும் புத்தர் பெருமானைப்போல் நீண்டு கிடந்தது. முதற்கதிர் பட்டதும் வெண்மை செம்மையாகி, செம்மை பொன்னாயிற்று. தந்தையார் கைகூப்பி நின்றார். “உன் அம்மா பார்த்திருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார்.

இறங்கும்போதுதான் அந்நிகழ்ச்சி நேர்ந்தது. காளிபோக்ரிக்கு மேலே, செங்குத்தான ஒரு வளைவில், கியர் தண்டு தானாகவே ‘டக்’கென்று துள்ளி வெளியே வந்துவிட்டது. எஞ்சினின் பிடி அற்ற வண்டி கற்கள்மீது உருளத் தொடங்கிற்று. தாஜு காற்பிரேக்கை மிதித்தும் அது முழுமையாகப் பிடிக்கவில்லை. உடனே கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி ஒருமுறை குலுங்கி, பள்ளத்துக்கு நான்கு முழம் இப்பால் நின்றது. எங்களுக்கு நா எழவில்லை. “பல் தேய்ந்துவிட்டது” என்று கூறிவிட்டு, தாஜு எஞ்ஞிய தூரம் முழுதும் தண்டை இடமுழங்காலால் அழுத்திக்கொண்டே ஓட்டினார்.

அன்று மாலை ஊர் வந்து சேர்ந்ததும், தாஜுவின் மகன் கொட்டகையில் ஒரு பொருளைச் சாக்கை விலக்கிக் காட்டினான். ஐந்து கியர் பெட்டி. உடைத்து விற்கும் கடையொன்றில் வாங்கியதாம். அவ்வண்டியில் பழைய பெட்ரோல் எஞ்சின் நெடுங்காலத்துக்கு முன்பே போய், மஹிந்திரா டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். அதையும் பழைய கியர் பெட்டியையும் உள்ளூரில் வெட்டிய இடைத்தகடு ஒன்றே இணைத்திருந்தது. அத்தகடு மயிரளவு மையம் பிசகியிருந்ததே பெட்டியைத் தின்றுவிட்டது என்பதைத் தந்தையார் தேய்ந்த பேரிங்கைத் தடவிப் பார்த்தே கூறிவிட்டார். புதிய பெட்டியோ எஞ்சினுக்கு உறவுமுறை, இடைத்தகடே வேண்டுவதில்லை. கியர் ஐந்தும் மெத்தென்று விழும். மகனும் ஓட்டலாம். தாஜுவுக்கு மட்டும் மனமில்லை. “என் தகப்பனார் ஓட்டிய பெட்டி” என்றார்.

எங்கள் தந்தையாருக்கு நாலைந்து இந்திச் சொற்களே தெரியும், நாங்கள் மொழிபெயர்த்தோம். அவர் சுண்ணக்கட்டி கேட்டார். இரு தண்டுகளிலும் கோடிட்டு, கையால் சுழற்றி எண்ணினார். முதல் கியர், இறக்கப் பெட்டி, அச்சு மூன்றையும் பெருக்கினால், பழைய ஏற்பாட்டில் எஞ்சின் சுமார் 40 சுற்றுச் சுற்றச் சக்கரம் ஒருமுறை சுற்றும். புதியதில் சுமார் 44. “மலையேறும் வலிமை குறையாது, சற்றுக் கூடவே செய்யும்” என்றார். அச்சுகளுக்குச் செல்லும் தண்டுகள் இரண்டும் இவ்வண்டியில் வலப்புறமாக ஓடுகின்றன. புதிய பெட்டியின் வாயும் அப்பக்கமே இருந்தது நல்வாய்ப்பு. பெட்டி நீளமாகையால் பின்தண்டைக் குறுக்கி, முன்தண்டை நீட்ட வேண்டும். தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னே நகர்த்த வேண்டும். இவற்றையெல்லாம் பையன் அறிந்தே இருந்தான்.

பிறகு தந்தையார் வண்டிக்கு அடியில் படுத்து, நெடுநேரம் கழித்து எழுந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, பிரேக் எங்கே?”

அன்று எங்கள் உயிரைக் காத்த கைப்பிரேக், லாண்ட் ரோவரில் சக்கரத்தில் இல்லை. பழைய பெட்டியின் பின்புறத்தில், தண்டு புறப்படும் இடத்தில், ஒரு டிரம்மாக அமைந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் பூட்டியிருக்கும்போது அந்த ஒரு டிரம்மே நான்கு சக்கரங்களையும் பிடித்து நிறுத்தும். பழைய பெட்டியைக் கழற்றினால் கைப்பிரேக்கும் அதனோடு போய்விடும். புதிய பெட்டி எடுத்த வண்டியிலோ கைப்பிரேக் பின்சக்கரங்களில் இருந்தது. ஆகவே இப்பெட்டியில் அதற்கு இடமே இல்லை. பையன் முகம் வெளுத்தது.

“மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை,” என்றார் தந்தையார். “தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதைக் கழற்றினாலும், அதனோடு சேர்ந்து போவது என்ன என்று முதலில் பார்த்துவிடு. அதற்கு ஓர் இடம் செய்துவிட்டுப் பிறகு கழற்று.” இதை மொழிபெயர்த்தபோது தாஜு தலையசைத்தார். அவர் மனம் இளகியதும் அச்சொல்லால்தான்.

நான்காம் நாள் எங்கள் விடுப்பு முடிந்தது. தந்தையார் வரவில்லை. “வேலையைத் தொட்டுவிட்டேன், நீங்கள் போங்கள்” என்றார். பதினொரு நாள் அங்கேயே தங்கினார். இருக்கைப் பெட்டியையும் தரைத்தகடுகளையும் கழற்றி, மூங்கில் முக்காலியில் சங்கிலிக் கப்பி கட்டி, பழைய பெட்டியை மேல்வழியே தூக்கினார்களாம். பழைய டிரம்மையே புதிய பெட்டியின் பின்வாயில் பொருத்த, தந்தையார் வரைந்த படத்தின்படி சிலிகுரி லேத்துப் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து அனுப்பினோம். பிரேக் கட்டைகளைத் தாங்கும் தகட்டைச் சட்டத்தில் பூட்டாமல் பெட்டியிலேயே பூட்டச் சொன்னாராம். ரப்பர் மெத்தைமீது பெட்டி அசையும்போது தகடும் உடன் அசைந்தால்தான் பிடி பிசகாது. அச்சமின்றி வண்டி மலையேறி மீண்ட செய்தி தொலைபேசியில் வந்தது. அப்பையன் அவரைப் ‘பாஜே’ என்று அழைத்தது எங்கள் செவியில் விழுந்தது. நேபாளியில் தாத்தா என்று பொருள்.

அவ்விரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. பொன்மலை வீட்டைக் காலி செய்தபோது, பாத்திரம் பண்டங்களையெல்லாம் கட்டி எடுத்து வந்த நாங்கள், அவருடைய கருவிப்பெட்டியை மட்டும், கனமாயிருக்கிறது, இனி எதற்கு என்று பக்கத்து வீட்டில் விட்டு வந்தோம். தந்தையைப் பத்திரமாக மாற்றிவிட்டோம் என்று மகிழ்ந்திருந்தோம். அவரோடு சேர்ந்து கழன்றது என்னவென்று பார்க்கவே இல்லை.

தை பிறந்தது. சொன்னபடியே அவர் ஊருக்குப் புறப்பட்டார். தடுக்க எங்களுக்கு வாய் எழவில்லை. வண்டி நகரும்போது, “அப்பா, அந்தக் கருவிப்பெட்டியைக் கொண்டு வாருங்கள், பின்கட்டில் இடம் ஒழித்து வைக்கிறோம்” என்று மட்டும் கூறினோம். அவர் விடை சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள், நாங்கள் பணியாற்றும் பார்சல் அலுவலகத்துக்கே ஒரு சீட்டு வந்தது. அனுப்புநர், தந்தையார், பொருள், கைக்கருவிகள், எடை, 46 கிலோ. எங்கள் கையாலேயே பெயர்த்தெழுதிக் கையொப்பமிட்டோம். பெட்டி முன்னே வந்தது. மூன்று நாள் கழித்து அவர் பின்னே வந்தார்.

மானேபன்ஜாங் செல்ல விரும்பும் அன்பர்கள் அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரையில் செல்வது நலம், வானம் தெளிவாயிருக்கும். அடையாள அட்டையும் கம்பளி உடையும் மறவாதீர்கள். முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். முன்னிருக்கையை அவர்களுக்கே கொடுங்கள்.