அட்டையில விழுந்த எண்ணெய்ப் பொட்டு

கேரட் விலை, பனி, காட்டுமாடு என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு வண்டியின் அடிப்பக்கத்தைப் பற்றி எழுதப்போகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் போன மாதம் இரண்டு நாள் குழிக்குள் நின்று தெரிந்துகொண்டது, மலையில் டீசல் பிக்கப் வைத்திருக்கிற யாருக்காவது உதவும். கூடவே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் கேத்தி பள்ளத்தாக்கு. கேரட்டை எடுத்து, கழுவி, மூட்டை போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கவேண்டும். வண்டியை ஓட்டுவது என் பெரியப்பா மகன், எனக்குத் தம்பி. பத்து வருசமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறான்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் காலையில் வந்து, "அண்ணா, வண்டி நிக்கிற இடத்துல எண்ணெய்ப் பொட்டு விழுது, பாத்தீங்களா?"ன்னு கேட்டான். பார்த்தேன். ஐம்பது பைசா அளவுக்கு ஒரு பொட்டு. "பழைய வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான்டா செய்யும்"ன்னு சொல்லிவிட்டு, தரை அழுக்காகாமல் இருக்க ஒரு அட்டையை எடுத்து அடியில் போட்டேன். பிரச்சினை முடிந்தது என்று நினைப்பு. ரெண்டு வாரத்தில் அட்டை முக்கால்வாசி கறுத்துப்போச்சு. அப்பவும் நான் செய்தது, அட்டையைத் திருப்பிப் போட்டதுதான்.

அப்புறம் ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு போன். "அண்ணா, பர்லியார்ல நிக்கிறேன். கியர்பாக்ஸ்ல ஊளையிடுற மாதிரி சத்தம் வருது. மூணாவது கியர் சரியா விழ மாட்டேங்குது. இதுக்கு மேல இறக்க மாட்டேன்."

எனக்கு மண்டி ஞாபகம்தான் வந்தது. "மெதுவா ரெண்டாவதுலயே உருட்டிட்டுப் போடா, இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு சொன்னேன். அவன் முடியாதுன்னுட்டான். வேற வண்டி பிடித்து மூட்டையை மாற்றி, சரக்கு போய்ச் சேர விடிந்துவிட்டது. அன்றைய நல்ல விலை போச்சு. காலையில் அவன் வந்ததும் வராததுமாக, "எங்கயோ கல்லுல அடியை இடிச்சிருக்கே, அதான் ஒழுகியிருக்கு"ன்னு நாலு பேர் முன்னாடி கத்திவிட்டேன். அவன் ஒண்ணும் பேசலை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "நீங்களே ஓட்டிக்குங்கண்ணா"ன்னு போயிட்டான்.

சமவெளிக்காரர்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. மலையில் அப்படியில்லை. நம்ம மலை ரயிலையே எடுத்துக்குங்க. மேட்டுப்பாளையம் ஸ்டேசன் 326 மீட்டர் உயரம், ஊட்டி ஸ்டேசன் 2,203 மீட்டர். நடுவில் 46 கிலோமீட்டர்தான். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் அந்த லைன் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டுதான் ஏறும். இறங்கும்போதும் அந்தக் கடிதான் ரயிலைப் பிடித்து நிறுத்துகிறது.

ரோட்டில் போகிற வண்டிக்கு அந்தப் பல் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது அதனால்தான். முழுக்கப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அது சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போய்விடும். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இருக்கிற கல்லட்டி ரோட்டில் எத்தனையோ வெளியூர் வண்டி கவிழ்ந்தது இப்படித்தான். எண்ணெய் வற்றின கியர்பாக்ஸ் சூடாகி, பாரத்தோடு இறங்கும்போது கியர் நழுவி நியூட்ரலில் விழுந்தால் என்ன ஆகும்? இதை யோசித்துத்தான் தம்பி பர்லியாரில் மங்குஸ்தான் கடை ஓரமாக நிறுத்தினான். நான் அதை யோசிக்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து மேலே கொண்டுவந்து, டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "கியர்பாக்ஸை இறக்கணும் சார், உள்ள எல்லா சீலும் மாத்தணும்"ன்னு சொல்லி ஒரு தொகை சொன்னார். ரெண்டு லோடு கேரட் காசு. மனசு கேட்காமல் மிஸ்திரி மாமாவிடம் போனேன்.

மிஸ்திரி மாமா இலங்கையிலிருந்து சின்னப் பையனாக வந்தவர். 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இப்போதைய டான்டீ. அவர் அப்பா அம்மா அங்கே கொழுந்து பறித்தார்கள். இவர் எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறி மெக்கானிக்காக இறங்கியவர். ஷெட்டில் ஒரு குழி, சுவரில் ஸ்பேனர், அவ்வளவுதான்.

முதலில் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். தொட்டு விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். "இன்ஜின் ஆயில்னா டீசல் வண்டியில கன்னங்கரேல்னு இருக்கும். கியர் ஆயில் தேன் மாதிரி கெட்டி, கந்தக வாடை அடிக்கும். பவர் ஸ்டியரிங் எண்ணெய் பெரும்பாலும் செவப்பா இருக்கும். பிரேக் ஆயில் தண்ணியா இருக்கும், பெயிண்ட்ல பட்டா உரிச்சுடும். இது கியர் ஆயில்தான்." ஆட்டோமேட்டிக் கியர் வண்டியிலும் அந்தச் சிவப்பு எண்ணெய்தான் பெரும்பாலும் இருக்குமாம். நம்மது கையால் போடுகிற கியர், அதனால் கெட்டி எண்ணெய்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். "சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற தம்பி. வண்டி ஓடுறப்ப காத்து எண்ணெயைப் பின்னாடி தள்ளும். ஈரம் எங்க முடியுதுன்னு பாக்காதே. எங்க ஆரம்பிக்குதுன்னு மேலயும் முன்னாலயும் தேடு."

டீசலும் பிரஷும் வைத்து கியர்பாக்ஸ் முழுக்கக் கழுவினோம். துணியால் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை மேலே தூவினோம். கொஞ்சம் கியர் ஆயில் ஊற்றிவிட்டு, சரக்கில்லாமல் மெதுவாகக் குன்னூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். குழியில் இறங்கி டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு ஈரக்கோடு. கியர்பாக்ஸின் பின்பக்கம், புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டுகிற இடத்திலிருந்து கிளம்பி வழிந்திருந்தது.

முன்பக்கம், கிளட்ச் இருக்கிற பெல் ஹவுசிங் சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. அங்கே ஈரம் இருந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும். பின் சீல் என்றால் ஷாஃப்டைக் கழற்றினால் போதும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே முழுசாக இறக்கியிருந்தால் என் பாடு என்ன?

"சீல் ஏன் திடீர்னு போச்சு?"ன்னு கேட்டேன். மிஸ்திரி மாமா பதில் சொல்லாமல் கியர்பாக்ஸ் தலைக்கு மேல் விரலை விட்டுத் துழாவினார். செங்கல் மாதிரி காய்ந்த செம்மண் கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. அதற்கடியில் சின்ன மூடி. பிரீதர். கம்பியால் குத்தினதும் உள்ளேயிருந்து புஸ்ஸுன்னு காற்று வந்தது.

"கியர்பாக்ஸும் மூச்சு விடணும் தம்பி. சூடானா உள்ள இருக்கிற காத்து விரியும். போக வழி இல்லைன்னா சீலைத் தள்ளிக்கிட்டு எண்ணெயோட வெளிய வரும்."

அந்த மண் எப்படி வந்தது என்று அவர் சொல்லவேண்டிய அவசியமில்லை. மழையில் ஓடைக்கரைச் சேற்றுக்குள் வண்டியை இறக்கிச் சரக்கேற்றியது நான். கேரட் கழுவுகிற பம்பை வண்டிக்கடியில் விட்டு அடித்துச் சேற்றை இடுக்கெல்லாம் ஏற்றியதும் நான். அடிப்பாகம் முழுக்கத் தேடினோம். கல் பட்ட காயம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் வேலை. நீங்களாகச் செய்கிறதாக இருந்தால் நாலு விசயம் ஞாபகம் வைங்க.

ஒன்று, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் தொடாதீர்கள். பின்சக்கரம் இழுக்கிற வண்டியில் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால், கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும்.

இரண்டு, எண்ணெய் இறக்கும் கீழ் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால், ஊற்றுகிற மேல் போல்ட்டைத் திறந்து பாருங்கள். மேலது துருப்பிடித்து வராமல் போய், கீழே எல்லாத்தையும் இறக்கிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்று, கீழ் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். மை மாதிரி சாம்பல் பசை என்றால் சாதாரணத் தேய்மானம். சில்லு சில்லாக இரும்பு என்றால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. எங்களுக்குப் பசைதான். எண்ணெய் பால் டீ கலரில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எங்களது அப்படியில்லை, ஆனால் இறங்கியது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். தம்பி அன்றைக்கு நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்தப் பசை சில்லாகியிருக்கும் என்றார் மிஸ்திரி மாமா.

நான்கு, ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். அதே கோட்டில் திரும்ப மாட்டவில்லை என்றால் வண்டி உதறலாம்.

பழைய சீல் ரப்பர் உதடு கல்லாகியிருந்தது. சீல் உட்காருகிற உருளையை மிஸ்திரி மாமா நகத்தால் வருடிப் பார்த்தார். நகம் சிக்குகிற அளவு பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிற்காதாம். நல்லவேளை, வழவழப்பாக இருந்தது. புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்ளே பார்த்தபடி வைத்து, அளவான பைப் துண்டு கொடுத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த அதே கிரேடு எண்ணெய் வாங்கி, சமதரையில் நிறுத்தி, மேல் ஓட்டை வழியாக வழிகிற வரை ஊற்றி மூடினோம். சீல் விலை ஒரு பிரியாணிக்குக்கூட ஆகாது.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் முள்ளங்கிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அந்த மண்கட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வரப்பில் வைத்தேன். "கல்லுல இடிக்கலடா. மூச்சு விடுற ஓட்டையை நான்தான் அடைச்சிருக்கேன். நீ சொன்னப்பவே பாத்திருக்கணும். அன்னைக்கு ராத்திரி இறக்குன்னு சொன்னதும் தப்பு"ன்னேன்.

அவன் அதை எடுத்து உடைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் கழித்து, "ஆயில் லெவல் பாத்தீங்களா?"ன்னு கேட்டான்.

"பாத்தாச்சு."

"நான் ஒருக்கா பாத்துக்கறேன்" என்று எழுந்து கை கழுவினான்.

இப்போது மாதம் ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குழியில் இறங்குகிறோம். அட்டை இன்னும் வண்டிக்கடியில்தான் கிடக்கிறது, ஆனால் புதுசு. தினமும் காலையில் அவன் வருவதற்குள் நான் குனிந்து பார்த்துவிடுகிறேன். உங்க வண்டி நிற்கிற இடத்திலும் நாளைக்கு ஒருதடவை பாருங்க. டிரைவர் ஏதாவது சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேளுங்க.