பத்துக் கிலோவும் பெரியம்மாவின் விளக்கும்



2025 கோடையில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போய் வந்தேன். அன்றிலிருந்து போனில் ஒரே கேள்விதான். "எவ்வளவு சார் ஆகும்? என்னென்ன கொண்டு போகலாம்?" ஒவ்வொருவருக்காகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கும் தூங்கலாம்.

போனது பெரியம்மா மகள் வீட்டுக்கு. அக்கா 1974-இல் கல்யாணமாகி ராமேஸ்வரத்தில் இராமானுஜம் கப்பல் ஏறித் தலைமன்னார் வழியாக யாழ்ப்பாணம் போனவர். பிறகு சண்டை வந்தது, கப்பலும் நின்றது. இப்போது பேத்திக்குக் கல்யாணம். பெரியம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு இத்தனை வருடமாக எங்கள் வீட்டுப் பூஜையறையில்தான் இருந்தது. "அம்மா வெளக்க மட்டும் கொண்டாடா தம்பி, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். விளக்கின் எடை ஆறரைக் கிலோ.

முதலில் தூரம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நாகையிலிருந்து காங்கேசன்துறை கடல் வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர். நம் ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து நேர்கோடு போட்டால் அதைவிடக் குறைவு! ஆனால் நாம் மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்த்தான் கப்பல் ஏற வேண்டும்.

அடுத்தது கட்டணம். கணக்கு வாத்தியார் கணக்கு சொல்லாமல் விடுவேனா? 14.10.2023 அன்று இந்தச் சேவை தொடங்கியபோது டிக்கெட் 6,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எவ்வளவு? 1,170. ஆக மொத்தம் 7,670. விமானத்தில் சாதாரண வகுப்புக்கு 5 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. வானத்தில் போகிறவனுக்கு ஐந்து, தண்ணீரில் போகிறவனுக்குப் பதினெட்டு. எந்த வாய்ப்பாட்டில் இது வரும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் கப்பல் பத்து நாள்கூட ஓடவில்லை, பருவமழை வந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் வேறு கப்பல் வந்தது. கப்பல் ஓட்டும் செலவில் ஒரு பகுதியை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியபோது போய்வர 8,500 என்று குறைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய சுமை பத்துக் கிலோ. அதற்கு மேல் காசு.

பத்தில் ஆறரை போனால் மூன்றரை. அதற்குள் என் வேட்டி சட்டை, மாத்திரை, மணப்பெண்ணுக்குச் சேலை, முறுக்கு. ஊரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, கூடுதல் சுமைக்குப் பணம் கட்டுவது என்று முடிவு செய்துதான் கிளம்பினேன். எடை போடும் இடத்தில் எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், மருத்துவம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பேரப்பிள்ளைக்கு வாங்கிய சிறிய சைக்கிளை மட்டும் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். எடை போட்ட தம்பி பொறுமையாகத்தான் பேசினார். விதி அவர் எழுதியதல்ல. சரக்குக் கொண்டுபோய் விற்கும் குருவிகளுக்காக விதி போடுகிறார்கள். ஆனால் குருவிக்குக் கூடுதல் காசு வியாபாரச் செலவு, விற்பனை விலையில் சேர்த்துவிடுவார். பாட்டி எதில் சேர்ப்பார்?

அந்தக் காலத்தில் மட்டும் எல்லாம் சுலபமாக இருந்தது என்று பெருமூச்சு விடாதீர்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனத்தை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, நோய் சோதனை செய்து, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். துரைமார்கள் போட்மெயிலில் இறங்கி நேரே கப்பலுக்குப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். விசைப்படகுக்காரன். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, யாழ்ப்பாணச் சிறையில் இருந்து வந்தவன். "சார், என்னைக் கூட்டிட்டுப் போனப்ப டிக்கெட்டும் கேக்கல, எடையும் போடல" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மயிலிட்டியில என் படகு நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க சார்" என்றான்.

காங்கேசன்துறைக்குப் பக்கத்தில்தான் மயிலிட்டி. போனேன். நம் பக்கத்துப் படகுகள் நெருக்கி நிற்கின்றன, சில சாய்ந்து கிடக்கின்றன. அருகே போக அனுமதியில்லை, எண்ணைப் படிக்க முடியவில்லை. அக்காவின் மருமகனோ, நம் இழுவைமடியில் தன் நண்பர்களின் வலைகள் கிழிந்த கதையைச் சொன்னார். அதையும் வந்து அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. "படகு நீலக் கலர் சார், பாத்தீங்களா?" என்றுதான் கேட்டான். அங்கே நீலப் படகுகள் நிறைய இருந்தன.

கல்யாணம் நன்றாக நடந்தது. விளக்கை அக்காதான் ஏற்றினார். சுமைக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்டார். பாதித் தொகையைத்தான் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: பாஸ்போர்ட் கட்டாயம், விசா அனுமதியை ஆன்லைனில் முன்னமே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையை நம்பித் தேதி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் கப்பல் நின்றுவிடும். கட்டணமும் சுமை விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் அன்று மறுபடி பாருங்கள். பையை வீட்டுத் தராசில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். தராசு இல்லாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம், காபியும் உண்டு.