சுவரில்லாத சமாதிக்கு ஒரு பூட்டு

பெரியோர்களின் சமாதிக்குச் செல்கிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? காலணியைக் கழற்றுவார்கள்; குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்; வீட்டில் இல்லாத ஒரு கம்பீரத்தை முகத்தில் வரவழைத்துக்கொள்வார்கள். ஆனால் துருக்கி தேசத்தில் ஒரு சமாதி இருக்கிறது. அதன் வாசலில் நின்று சிரிக்காமல் திரும்புகிறவர், உள்ளே உறங்குகிறவருக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்தாமலே திரும்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் கொன்யா நகரத்தை அடைய வேண்டும். மகாகவியும் ஞானியுமான ஜலாலுத்தீன் ரூமி 1273-ஆம் ஆண்டில் மறைந்து அடக்கமான ஊர் அது. அவருடைய சமாதியின் மீது நீலமும் பசுமையும் கலந்து பிரகாசிக்கும் கூர்ங்கோபுரத்தைத் தூரத்தில் காணும்போதே யாத்திரிகர்களுக்கு மனம் உருகிவிடும். அந்த உருக்கம் ஆறுவதற்குள் வடமேற்கே சுமார் 130 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் அக்‌ஷெஹிர் என்னும் சிறு நகரம் வருகிறது. 'வெள்ளை நகரம்' என்பது அந்தப் பெயரின் பொருள். தெற்கே சுல்தான் மலைத்தொடர்; வடக்கே அகன்ற சமவெளியில் ஓர் ஏரி; நடுவிலே பழத் தோட்டங்கள். செர்ரிப் பழத்துக்கு இந்த ஊர் பெயர்போனது. ஆனால் செர்ரிப் பழத்தைவிடப் பிரசித்தமானவர் ஒருவர் இங்கே இருக்கிறார். நம் நாட்டில் முல்லா நஸ்ருத்தீன் என்று அறியப்படுகிறவரைத்தான் துருக்கியர் நஸ்ருத்தீன் ஹோஜா என்கிறார்கள். ஹோஜா என்றால் ஆசான்.

ரூமியும் ஹோஜாவும் ஒரே காலத்தவர் என்பது மரபு. ஒருவர் மனிதனை அழவைத்து உண்மையைக் காட்டினார். மற்றவர் சிரிக்கவைத்துக் காட்டினார். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், அதற்கும் ஹோஜாவிடமே பதில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஹோஜாவின் சமாதி ஊரின் பழைய இடுகாட்டில் இருக்கிறது. தூண்களின் மேல் கூம்பு போல ஒரு கூரை. சுற்றிலும் சுவர் என்பது கிடையாது. ஆனால் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. கதவிலே மிகப் பெரிய பூட்டு ஒன்று தொங்குகிறது! நாலு பக்கமும் திறந்து கிடக்கும் இடத்துக்குப் பூட்டு எதற்கு என்று வியக்கிறவர், அடுத்த கணமே சிரித்துவிடுகிறார். கல்லறையில் மறைந்த ஆண்டு ஹிஜ்ரி 386 என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் ஹோஜா துருக்கியர் இந்தப் பிரதேசத்துக்கு வருவதற்கு முன்பே காலமாகியிருக்க வேண்டும்! கழுதையின் மேல் பின்புறமாகத் திரும்பி உட்கார்ந்து சவாரி செய்தவரின் கல்லறையாயிற்றே. அந்த எண்ணையும் பின்புறமிருந்துதான் படிக்க வேண்டும். அப்போது 683 ஆகிறது, அதாவது கி.பி. 1284 அல்லது 1285. கணக்கு நேராகிவிடுகிறது.

இந்தப் பூட்டை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. மனிதன் தன் வாழ்நாளில் போடும் பூட்டுகளில் பாதி இந்த ரகத்தைச் சேர்ந்தவையே. வாயைப் பூட்டிவிட்டால் உண்மை வெளியே வராது என்று நினைக்கிறான். அது கண் வழியாக வந்துவிடுகிறது. ஊராரின் வாயைப் பூட்டிவிட்டால் தன் குற்றம் மறையும் என்று அரசன் நினைக்கிறான். அது கதையாக உருமாறிச் சந்தைக்குப் போய்விடுகிறது. அப்படிப் போன ஒரு கதையை இந்த ஊரின் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1402-ஆம் ஆண்டில் அங்காராவுக்கு அருகே நடந்த போரில் தைமூர், துருக்கியின் சுல்தான் பாயஸீதைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தான். 'இடி' என்று பட்டப்பெயர் பெற்றிருந்த அந்தச் சுல்தான் 1403-ஆம் ஆண்டில் சிறைக்கைதியாகவே உயிர் நீத்த இடம் இதே அக்‌ஷெஹிர். இடியே அடங்கிப்போன ஊரில் ஏழை எளியவர்கள் என்ன செய்வார்கள்? ஆயுதம் இல்லை, அரசன் இல்லை. ஆகவே, நூறு வருஷத்துக்கு மேலாகக் கல்லறையில் உறங்கிக்கொண்டிருந்த ஹோஜாவை ஜனங்கள் எழுப்பிக்கொண்டு வந்து தைமூரின் எதிரே நிறுத்திவிட்டார்கள். தைமூர் பிறந்ததே 1336-ல்தான் என்று சரித்திர ஆசிரியர் முறையிடலாம். கதை சொல்கிற பாட்டிக்குப் பஞ்சாங்கம் எதற்கு?

ஒரு நாள் ஸ்நான மண்டபத்தில் தைமூர், "நான் அடிமையாக விலைக்கு வந்தால் என்ன பெறுவேன்?" என்று கேட்டானாம். "ஐம்பது காசு" என்றார் ஹோஜா. "மூடனே! என் இடுப்பிலுள்ள துண்டே ஐம்பது காசு பெறுமே!" என்று தைமூர் சீறினான். "அதையும் சேர்த்துத்தான் மதிப்புப் போட்டேன்" என்றார் ஹோஜா. உண்மையில் இந்தக் கதை அஹ்மதீ என்ற கவிஞரைப் பற்றிப் பழைய நூல்களில் வழங்கியது. ஜனங்கள் அதை அவரிடமிருந்து எடுத்து ஹோஜாவின் பெயரில் எழுதிவைத்துவிட்டார்கள். நல்ல சொல் யார் வாயில் நன்றாகப் பொருந்துகிறதோ, அவருக்கே அது சொந்தம் போலும். நம் நாட்டிலும் பாத்திரம் குட்டி போட்ட கதையைத் தெனாலிராமன் பெயரில் கேட்டிருக்கிறோம். துருக்கியர் அதை ஹோஜாவின் கதை என்கிறார்கள்.

கொடுங்கோலனைப் பார்த்துச் சிரிப்பது ஓரளவு சுலபம். தம் அண்டை வீட்டாரைப் பார்த்தும் சிரித்தார் என்பதே ஹோஜாவின் பெருமை. தைமூர் தன் யானை ஒன்றை ஊரிலே விட்டிருந்தான். அது வயலையும் தோட்டத்தையும் துவம்சம் செய்தது. ஜனங்கள் ஹோஜாவிடம் வந்து, "நீங்கள் முன்னால் நடவுங்கள், நாங்கள் அனைவரும் பின்னால் வருகிறோம்" என்று ஆவேசமாகச் சொன்னார்கள். ஊர்வலம் புறப்பட்டது. முதல் தெருவில் ஒருவருக்கு வயிற்றுவலி வந்தது. அடுத்த தெருவில் ஒருவருக்குச் செருப்பு வார் அறுந்தது. இன்னொருவருக்கு வீட்டில் ஏதோ மறந்துபோயிற்று. கூடாரத்தின் வாசலில் ஹோஜா திரும்பிப் பார்த்தால் அவருடைய நிழலைத் தவிர ஒருவரும் இல்லை! உள்ளே போனார். "பிரபுவே! தங்கள் யானையால் எங்கள் ஊர் மிகுந்த ஆனந்தத்தில் இருக்கிறது. ஒரே ஒரு குறை. பாவம், அது தனியாகத் திண்டாடுகிறது. அதற்கு ஒரு துணையையும் அனுப்பி வைக்கவேண்டும்" என்று விண்ணப்பித்துக்கொண்டார். ஒரு யானையை எதிர்க்க ஒன்று சேராதவர்களுக்கு இரண்டு யானை என்பதே இதன் நீதி. இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. நாம் ஒவ்வொருவரும் ஏதாவது ஓர் ஊர்வலத்தில் செருப்பு வார் அறுந்தவர்கள்தாமே!

ஆனால் இதே ஊரில் செருப்பு வார் அறுந்தவர்கள் இல்லாத ஊர்வலம் ஒன்றும் ஒரு காலத்தில் புறப்பட்டது. கிரேக்கப் படை துருக்கியின் மேற்குப் பகுதியைப் பிடித்திருந்த சமயத்தில், துருக்கியரின் மேற்குப் போர்முனைத் தலைமையகம் அக்‌ஷெஹிரில் இருந்தது. அந்தக் கட்டிடம் இப்போது பொருட்காட்சிசாலை. 1922-ஆம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி இந்த ஊரில் ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. படைத் தலைவர்கள் எல்லோரும் ஆட்டம் பார்க்க வந்தார்கள். முஸ்தபா கெமாலும் இங்கே இருந்தார். பந்தாட்டம் ஒரு சாக்கு. பெரும் தாக்குதலுக்கு யோசனை செய்வதற்காகவே அவர்கள் கூடினார்கள். அடுத்த மாதம், முஸ்தபா கெமால் அங்காராவில் தேநீர் விருந்து அளிக்கப்போவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. அவரோ ஆகஸ்டு 20-ந் தேதியே அக்‌ஷெஹிர் வந்து சேர்ந்துவிட்டார். 26-ந் தேதி தாக்குதல் தொடங்கியது. செப்டம்பர் 9-ந் தேதி துருக்கிப் படை இஸ்மிர் நகரில் நுழைந்தது. ஹோஜா உயிரோடிருந்தால், பந்தாட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டிருப்பார்.

இனி, முன்பு சொன்ன பதிலுக்கு வருவோம். ஹோஜா நீதிபதியாயிருந்தபோது வாதி தன் கட்சியைச் சொன்னான். "நீ சொல்வது நியாயம்" என்றார். பிரதிவாதி சொன்னான். "நீ சொல்வதும் நியாயம்" என்றார். உள்ளேயிருந்த மனைவி, "இரண்டும் எப்படி நியாயமாக இருக்க முடியும்?" என்று கேட்டாள். "அடடா! நீ சொல்வதும் நியாயந்தான்" என்றார்.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு ஆழமானது என்பதை அறிய வடக்கே ஏரிக்கரைக்குப் போக வேண்டும். ஹோஜாவின் கதைகளில் தலைசிறந்தது அங்கேதான் நடந்தது. கையில் கிண்ணத்துடன் கரையில் குந்தி, ஏரியிலே கரண்டி கரண்டியாக மோரை விட்டுக்கொண்டிருந்தார் ஹோஜா. "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "தயிருக்கு உறை ஊற்றுகிறேன்" என்றார். "ஏரி எங்கேயாவது தயிராக உறையுமா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். "உறையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் உறைந்துவிட்டால்?" என்றார்.

அந்த ஏரி ஒரு காலத்தில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தது. சமீப காலத்தில் அதன் பெரும்பகுதி வற்றிவிட்டது. மலையிலிருந்து வரும் ஓடைகள் பாசனத்துக்குத் திரும்பிவிட்டன, சமவெளியெங்கும் ஆழ்கிணறுகள் நிலத்தடி நீரை இறைக்கின்றன, மழையும் குறைந்துபோயிற்று. பயிருக்கு நீர் வேண்டும் என்கிறான் உழவன். அவன் சொல்வது நியாயம். வலையை எங்கே வீசுவது என்கிறான் செம்படவன். அவன் சொல்வதும் நியாயம். எல்லோரும் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கையில் ஏரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால், அதுவும் நியாயந்தான். யானையைப் பற்றி முறையிடப் போன ஊர்வலம் இப்போது ஏரியைப் பற்றி முறையிடப் போக வேண்டியிருக்கிறது. யாருடைய செருப்பு வார் முதலில் அறுமோ!

2022-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம், ஹோஜாவின் கதை சொல்லும் மரபை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. துருக்கி உள்பட ஏழு நாடுகள் சேர்ந்து அதைக் கேட்டுப் பெற்றன. கதைகளுக்குப் பாதுகாப்பு ஏற்பட்டுவிட்டது. கதை நடந்த நீருக்குத்தான் இன்னும் ஏற்படவில்லை. அக்‌ஷெஹிரில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஹோஜாவின் பெயரால் பெரிய விழா நடக்கிறது. ஹோஜாவைப் போலத் தலைப்பாகை அணிந்த ஒருவர் நீர்க்கரைக்குச் சென்று உறை ஊற்றுவதும் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு சடங்கு. அன்று நீர் இருந்தது, உறை பலிக்கவில்லை. இன்று கிண்ணத்தில் உறை இருக்கிறது; நீர் எங்கே என்று தேடிக்கொண்டு போக வேண்டும். ஓடைகளைத் திரும்ப ஏரிக்கு விடுவது நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்கள் அந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை எழுநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் அந்தக் கரையில் குந்தியபடி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.