கையில் தராத உப்பு

என் ஓரகத்தியும் கொழுந்தனும் ஸ்பெயினுக்குக் கப்பலில் போய்வந்தார்கள். பார்சிலோனா, மாலகா, காடிஸ் என்று வரிசையாகத் துறைமுகங்கள். காலையில் கப்பலை விட்டு இறங்கவேண்டும், சாயங்காலத்துக்குள் ஊரைப் பார்த்து முடித்துத் திரும்ப ஏறிவிடவேண்டும். படங்களை டிவியில் போட்டுக் காட்டினார்கள். கோட்டை, மாதாகோயில், மறுபடி கோட்டை, மறுபடி மாதாகோயில். நான் மூன்றாவது முறுக்கை எடுத்தபோது காடிஸ் வந்தது. ஃபினீசியர்கள் உண்டாக்கிய ஊராம். ரோமானியர் காலத்திலேயே சூரைமீனை உப்புப் போட்டு ஏற்றுமதி செய்தவர்களாம். ஊருக்கு வெளியே உப்பளம். வெள்ளைக் குவியலுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு என் ஓரகத்தி.

“இதை மரக்காணத்துலயே பாத்திருக்கலாமே” என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

யாரும் பேசவில்லை. ஓரகத்தி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் நான், “நீங்க மரக்காணம் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன். புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் காரிலிருந்து பார்த்ததுதான், இருவருமே. அந்த வீம்பில் கிளம்பியதுதான் இந்தப் பயணம். கப்பல் இல்லாமல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய துறைமுகங்களில் இறங்கி ஏறுவது.

இவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பட்டியல் போடுவார். முதலில் ஆலம்பரைக் கோட்டை. பங்குனி மாதம், விடிந்து கொஞ்ச நேரத்தில் கடப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். செங்கல் சுவர்கள் பாதி நிற்கின்றன, பாதி மணலில் கிடக்கின்றன. அந்தப் பக்கம் கழி, அதற்கு அப்பால் கடல். கல்யாணத்துக்கு முந்தைய படம் பிடிக்க ஒரு ஜோடி வந்திருந்தது. பெண்ணின் கவுன் முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றது.

ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் எழுந்த கோட்டை. 1750இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங், தனக்குத் துணை நின்றதற்காக இதைப் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே வருஷம். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தில் கொஞ்சத்தை 2004 சுனாமி பார்த்துக்கொண்டது. இங்கே ஓர் அக்கசாலை இருந்தது, நாணயம் அடித்தார்கள். இவருக்கு அதுதான் வேண்டும். வாழ்நாளெல்லாம் ரூபாய் நோட்டை எண்ணிய மனிதருக்கு, காசு அடித்த இடம் எது என்று தெரிந்தாகவேண்டும். ஒவ்வொரு இடிபாடாகப் போய் நின்று, “இதுவா இருக்குமோ?” என்றார். நானும் கொஞ்ச நேரம், “இருக்கும்” என்றேன். வெயில் ஏறியது. தண்ணீர் பாட்டில் காரில் இருந்தது.

“எல்லாம் செங்கல்தாங்க. எந்தச் செங்கலா இருந்தா என்ன?”

இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. என் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் தாமதமாக வந்தது வரை போயிற்று. முப்பது வருஷக் குடித்தனத்தில் சண்டைக்கு வழி தேடவேண்டியதில்லை. காரில் ஏறினோம். பேச்சு இல்லை.

மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் உப்பளம் தொடங்குகிறது. நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் வயல் வெளுத்துக் கிடந்தால் அதைப் பார்த்து யாரும் படம் எடுக்கமாட்டார்கள், வாயில் அடித்துக்கொள்வார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரம் உறவுக்காரர் ஒருவரின் நிலத்துக்குப் போயிருக்கிறேன். வரப்பு வரப்பாக உப்புப் பூத்து, மழை வந்து கழுவுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணோடுதான் மரக்காணத்தைப் பார்த்தேன். நம் வயலைப் போலவே பாத்தி, வரப்பு, வாய்க்கால், மடை. பச்சை மட்டும் இல்லை. செத்த வயலை இவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கிறார்களே என்று தோன்றியது.

“நிறுத்துங்க” என்றேன். உப்பின் மேல் ஆசையால் அல்ல. அந்தக் காருக்குள் இன்னும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வரப்பில் கால் வைத்ததும் குரல் வந்தது. “யக்கா, செருப்பக் கழட்டிட்டு வா! வழுக்கும்!”

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர், அப்போதுதான் வேலை முடித்துக் கரையேறியிருந்தார். கூட இன்னும் நான்கைந்து பெண்கள். பாத்தியில் ஆண்கள் வாருபலகையால் உப்பை வாரி ஒதுக்குகிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். ஈர உப்பு. கூடையிலிருந்து வடியும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கும். அதற்காகத்தான் அந்தச் சட்டை.

சண்டையை மறந்து இவர் கேள்விக் கணை தொடுக்க ஆரம்பித்தார். அந்த அம்மாவும் சலிக்காமல் சொன்னார். பருவம் தொடங்கும்போது பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கவேண்டும். அப்புறம் உப்புத் தண்ணீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, கெட்டிப்பட்டதும் சின்னப் பாத்திக்கு மாற்றவேண்டும். “இருபத்தஞ்சு டிகிரி வந்தா உப்பு எறங்கும் சார்.” சூடு அல்ல, உப்பின் அடர்த்தி. கடல் தண்ணீர் மூன்று டிகிரிதான் இருக்கும். முழுக்கக் காயவிட்டால் அதிக உப்பு கிடைக்குமே என்று இவர் கேட்டார். “கிடைக்கும், வாயில வெக்க முடியாது.” கடைசியில் மிஞ்சுகிற தண்ணீரில் மெக்னீசியம் சேர்ந்துவிடும். கசக்கும். அதைத் திறந்துவிட்டுவிட வேண்டும். எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. எங்கள் அப்பா நெல்லைக் கடித்துப் பார்த்து அறுப்புக்கு நாள் சொல்வார். இங்கே தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். செத்த வயல் என்று நினைத்தது அங்கேயே போயிற்று.

“கூழு குடிக்கிறியாக்கா?”

தூக்குவாளியைத் திறந்தார். கேழ்வரகுக் கூழ். எங்கள் ஊரில் வேலைக்கு எடுத்துப் போவது பழைய சோறுதான். கூழ் என்பது ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றுவது என்றுதான் சென்னைக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். தொட்டுக்கொள்ள, காகிதத்தில் மடித்த சுட்ட கருவாடு. அந்த வாடை என் மூக்குக்கு எட்டும் முன்பே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் சமையலறைக்குள் மீன் வரும். கருவாடு வந்ததில்லை. மாமியார் காலத்திலேயே பேசி முடிவானது.

இவர் கை நீட்டினார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக் கூழைக் குடித்தார். இன்னொரு துண்டு. இன்னொன்று. “எங்க அம்மாச்சி அடுப்புத் தணல்லதான் சுடும்” என்றார் அந்த அம்மாவிடம். என்னிடம் சொல்லவில்லை. என்னோடு இத்தனை காலம் வாழ்ந்த மனிதருக்குக் கருவாடு பிடிக்கும் என்பதை முன்பின் தெரியாத ஓர் உப்பளத்து வரப்பில் தெரிந்துகொண்டேன்.

நானும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. கூழ் பிடித்தது.

அந்தச் சாப்பாடு அந்த ஊரில் எவ்வளவு பழையது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கல்லூரியில் சிறுபாணாற்றுப்படை பாடம். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி ஒரு பாணன் இன்னொருவனுக்கு வழி சொல்கிற பாட்டு. எந்த ஊர் வரும், அங்கே யார் என்ன தருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போகும். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஆலம்பரை இருக்கும் பேரூராட்சிக்கு இன்றைக்கும் இடைக்கழிநாடு என்றுதான் பெயர். அவர் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்கள், ஒட்டகம் படுத்துக் கிடப்பதுபோலக் கரையில் கிடக்கும். அவற்றை விறகாக்கி நுளைமகள் தேறல் காய்ச்சுவாள். பரதவர் அதை ஊற்றிக் கொடுத்து, சுட்ட காய்ந்த குழல்மீனும் தருவார்கள். தேறலுக்குப் பதில் கூழ். மற்றபடி நத்தத்தனார் சொன்ன விருந்து அப்படியே இருக்கிறது. வழிப்போக்கரைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற குணமும் இருக்கிறது.

இல்லாமல் போயிருப்பது துறைமுகம்தான். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல் இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு. சோபட்மாவை மரக்காணத்தோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. மரத்துண்டுகளைப் பிணைத்துக் கட்டிய பெரிய கலங்களும், கங்கைக்கும் அதற்கு அப்பாலும் போகிற கப்பல்களும் இந்தத் துறைகளில் நின்றதாக அந்த நூல் கூறுகிறது. நாங்கள் பார்த்ததில் மிதந்தது கழியில் ஒரு ஃபைபர் படகு. ஆந்திரத்தில் தொடங்கிச் சென்னையைக் குறுக்கே வெட்டி வரும் பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கேதான் வந்து முடிகிறது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் அதில் படகேறிச் சென்னைக்குப் போயின. இப்போது அது அங்கங்கே தூர்ந்து கிடக்கிறது.

கிளம்பும்போது கொஞ்சம் உப்பு கேட்டேன். ஓரகத்திக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம், கொஞ்சம் கெட்ட எண்ணம்தான். இவர் சட்டைப்பையில் கையை விட்டு ஐந்நூறு ரூபாயை எடுத்தார். கூழுக்கும் சேர்த்து என்று நினைத்திருப்பார்.

அந்த அம்மா முகம் மாறிவிட்டது. “உள்ள வெய்யி சார். உப்பு என்னுதா, நான் விக்கிறதுக்கு?”

நிலம் குத்தகை. உப்பு முதலாளியுடையது. அந்த அம்மாவுக்குக் கூலி. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் நாடெங்கும் தடை இருப்பதால், வாரிய உப்பை அப்படியே மளிகைக் கடைக்கு அனுப்பவும் முடியாது. அரைத்து, அயோடின் கலந்து பாக்கெட் ஆக்கவேண்டும். இல்லையென்றால் தோல் பதனிடவும், ஐஸ் கம்பெனிக்கும், கருவாட்டுக்கும் போகும். “எங்க வூட்டுக்கே பாக்கெட் உப்புதான் வாங்குறோம்” என்றார்.

பிறகு மேட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினார். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. வரப்பில் என் கைக்குட்டையை விரிக்கச் சொல்லி அதன் மேல் கொட்டினார்.

“கையில குடுத்தா சண்டை வரும்க்கா.” இவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க ஏற்கெனவே போட்டுக்கினுதான வந்தீங்க?”

மற்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் நாங்களும் சிரித்துவிட்டோம். ஐந்நூறு ரூபாய் பைக்குள் திரும்பிப் போயிற்று. கூழுக்காவது ஏதாவது கொடுத்திருக்கவேண்டும் என்று இவர் ஊர் எல்லை வரை புலம்பினார். விருந்துக்குப் பில் கேட்கக்கூடாது என்று நான் சொன்னேன். இது சண்டை அல்ல, விவாதம்.

புதுச்சேரிக்குப் போகும் வழியில் இவர் ஒரு கணக்குச் சொன்னார். வங்கிக்காரர் அல்லவா, இதை எங்கேயோ படித்து வைத்திருக்கிறார். 1815 ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பைத் தங்களுக்கு மட்டுமே விற்கவேண்டும் என்பதற்காக, ஆங்கிலேயர் ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் தர ஒத்துக்கொண்டார்கள். உப்பு வரி வருமானத்துக்குப் போட்டி வரக்கூடாதே, அதற்காக. இந்தக் கரையில் உப்பைத் தொட்ட எல்லோரும் காசு பார்த்திருக்கிறார்கள், அதை வாரியவர்களைத் தவிர.

காடிஸ் அழகான ஊர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறுகிறவர்களுக்கு அந்த உப்பளத்தில் யாரும் கூழ் ஊற்றியதாக ஓரகத்தி சொல்லவில்லை. மரக்காணத்துக்குப் போகிறவர்கள் மாசிக்கும் ஆடிக்கும் நடுவில், காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போய்விட்டு அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். அந்த மாதங்களில் பாத்தி முழுக்க மழைத்தண்ணீர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அந்தப் பகுதியே வெள்ளக்காடானது. உப்பு இல்லை, ஆகவே கூலியும் இல்லை. அந்த மழைக்கால மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 5,000 ரூபாய்.